கடைசி எட்டு சிலிண்டர்

கார் ஷோரூமில் மனைவி முன்னதாகவே வந்து காத்திருந்தாள். கணவர் வந்ததும் வராததுமாக, "மிதிச்சா பறக்கணும். எட்டு சிலிண்டர் எஞ்சின்தான் வேணும்" என்றார்.

"புகைக் கட்டுப்பாடு வந்ததும் கம்பெனியிலயே அதை நிறுத்திட்டாங்க சார். இனிமே நாலு சிலிண்டர்தான். கடைசியா இருந்த ஒண்ணும் காலையில வித்துப்போச்சு" என்றார் விற்பனையாளர்.

"எவன் அவன், என் வாயில மண்ணள்ளிப் போட்டவன்?"

"விடுங்க, உங்களுக்கு நாலே போதும்" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? ஆமை மாதிரி ஓட்டுறவ!"

முணுமுணுத்துக்கொண்டே நாலு சிலிண்டருக்குப் பதிவுசெய்து நிமிர்ந்தால், மனைவியைக் காணோம்.

வாசலுக்கு வந்தார். சிவப்புக் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. எட்டு சிலிண்டர் சத்தம் அவருக்குத் தெரியாதா? ஆத்திரத்தோடு கண்ணாடியைத் தட்டினார்.

கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க" என்றாள் மனைவி. "ஆமை வீட்டுக்குக் கிளம்புது."