இரண்டு குல்லாக்கள்

அம்மா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"ஜெயில்ல பார்க்க என்னடி இருக்கு, ரோஸ்லின்? அதுவும் இந்தக் குளிர்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு வாரம் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹோபார்ட்டில் பாதிப் பேர், பிரிட்டிஷ் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து தள்ளப்பட்ட கைதிகளின் வம்சம்தான். இப்போது அதைச் சொல்லிக்கொள்வதே பெருமை. இரண்டு கைதி முன்னோர் உள்ளவர், ஒருவர் மட்டுமே உள்ளவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அம்மா மட்டும் எண்பத்திரண்டு வயதிலும் பிடித்த பிடியை விடவில்லை. நம் ஆட்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களாம்.

நானோ ஆவணக் காப்பகத்தில் ஓனோரா டீக்கைத் தேடிப் பிடித்துவிட்டேன். அயர்லாந்தில் இரண்டு கம்பளி திருடியவள். அம்மாவின் கொள்ளுப்பாட்டி பிரிஜட்டைப் பெற்றவள். பெற்றது இந்தப் பெண்கள் சிறையில், கல்யாணமாகாமல்.

கைதிப் பெண் ஒவ்வொருத்திக்கும் வெள்ளைக் குல்லா தைத்து, பெயரையும் வருடத்தையும் நூலால் எழுதி, வம்சத்தார் கையால் சிறை முற்றத்துக் கயிற்றில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அம்மா நன்றாகத் தைப்பாள். "தைச்சுத் தர்றேன். கட்டுறது உன் பாடு" என்று சொல்லியிருந்தாள்.

அவள் கையால்தான் கட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஓனோராவை ஒரு தடவையாவது அவள் தன் சொந்தம் என்று சொல்ல வேண்டும்.

ஒருவழியாக இறங்கினாள். குல்லா இருந்த காகிதப் பையை என்னிடம் கொடுக்கவில்லை.

உள்ளே சுவர்கள்தான் மிச்சம். வழிகாட்டிப் பெண் கெர்ரி எங்களைக் குழந்தைகள் முற்றத்துக்கு அழைத்துப் போனாள்.

"ஒன்பது மாசம் இங்க பால் கொடுப்பாங்க. அப்புறம் பிள்ளைய வாங்கிக்கிட்டு, பெத்த குத்தத்துக்குத் தாயை ஆறு மாசம் துணி துவைக்க அனுப்பிடுவாங்க."

அம்மா நின்றாள்.

"ஒன்பது மாசமும் தாய் கூடவா? தூக்க விடுவாங்களா?"

"தூக்காம எப்படிம்மா பால் கொடுக்கிறது?" என்று கெர்ரி சிரித்தாள்.

அம்மா கயிற்றருகே போனாள். நான் கேட்காமலே பையைப் பிரித்து, ஓனோராவின் குல்லாவை எடுத்து முடிச்சுப் போட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

பிறகு பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தாள். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குல்லா. குழந்தை பிரிஜட்டுக்கும் தைத்திருக்கிறாள்! அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நூலெழுத்தைப் படித்தேன். டெஸ்மண்ட், 1962.

சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, அது பொண்ணு. பேரு பிரிஜட். வருஷமும் நூறுக்கு மேல தள்ளிப் போயிடுச்சு. கண்ணாடிய மாத்துன்னா கேட்டாத்தானே!"

அம்மா கயிற்றை இழுத்துப் பிடித்தாள். பெரிய குல்லாவுக்குப் பக்கத்தில் சின்னதைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியும் என்னை உதவ விடவில்லை.

"அவளுக்காவது ஒன்பது மாசம் கொடுத்தாங்க" என்றாள். "எனக்குப் பிள்ளை முகத்தைக்கூடக் காட்டல. நடுவுல துணியப் பிடிச்சிக்கிட்டு, அப்படியே தத்துக் கொடுக்கத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பையன்னு மட்டும் ஒரு நர்ஸ் சொன்னா. பேரு நானா வச்சுக்கிட்டது."

1962இல் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவைக் கல்யாணம் செய்ய இன்னும் மூன்று வருடம் இருந்தது. வீட்டில் மூத்தவள் நான் என்றுதான் இத்தனை காலமும் தம்பிகளை அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

கெர்ரி மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு மெலிந்துவிட்டாளா என்றிருந்தது.

அம்மா குல்லாவின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி கிட்டே போய் அதன் வாயை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

"தலை அளவு தெரியல. குத்துமதிப்பாத்தான் வெட்டினேன். சின்னதாப் போச்சோ?"

"இல்லம்மா" என்றேன். "அண்ணனுக்குச் சரியா இருக்கும்."