மேஸ்திரியின் வரிசை

மேஸ்திரியோடு சேர்த்துப் பதின்மூன்று எறும்புகள் ஒரு பிஸ்கட் துண்டைத் தூக்கப் போயின. மேஸ்திரிக்கு வரிசை சரியாக இருக்க வேண்டும். தன்னையும் சேர்த்து எல்லோரையும் இரண்டிரண்டாக நிறுத்தியது, ஒன்று மிஞ்சியது.

"நீ வேண்டாம், போ."

ஐந்தைந்தாக நிறுத்தியது, இரண்டு மிஞ்சின. அவற்றையும் அனுப்பியது. இப்படியே மாற்றி மாற்றி நிறுத்தி, மிஞ்சியதையெல்லாம் துரத்தியது. கடைசி எறும்பு, சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

மேஸ்திரி தனியாக நின்றது. வரிசை நேராகத்தான் இருந்தது, பிஸ்கட்தான் அசையவில்லை.

போனவை எல்லாம் கூட்டமாகத் திரும்பி வந்து பிஸ்கட்டைச் சுற்றிக்கொண்டன.

"நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க, மேஸ்திரி," என்றது முதலில் போன எறும்பு.

மேஸ்திரி அவற்றை எண்ணிப் பார்த்தது. பன்னிரண்டு. இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக நிறுத்தினாலும் மிச்சமில்லை.

தான் போய்ச் சேர்ந்தால்தான் ஒன்று மிஞ்சும்.