தலையணைக்குள் அரிசி

“என்ன வேணும்னாலும் பேசுங்க. அந்தத் தலையணைப் பேப்பரை மட்டும் இன்னைக்கு வெளிய எடுக்காதீங்க,” என்றாள் ஞானாம்பாள், கேசரியைக் கிளறிக்கொண்டே.

துரைராசு தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அதற்கு என்ன மதிப்பு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கே தெரியும்.

மகள் குந்தவையைப் பெண் பார்க்க மயிலாடுதுறையிலிருந்து வருகிறார்கள். பையன் பிரபுவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசி, பிடித்துப்போய், இப்போது பெரியவர்கள் வாய் திறக்கக் காத்திருக்கிறார்கள். பையனின் அப்பா காயாரோகணம் ஜாதகத்தைக்கூடப் பெரிதாக விசாரிக்கவில்லை. தியாகி குடும்பமாமே என்றுதான் தரகரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

தியாகி குடும்பமேதான். கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருந்தவர் துரைராசுவின் தாத்தா. அவர் பெயரும் துரைராசுதான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். நாற்பத்தாறில் வெள்ளைக்காரன் ஜெயிலில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் புண்ணியத்தில் ஆகஸ்டு பதினைந்து வந்தால் திருப்பனந்தாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றப் பேரனைத்தான் கூப்பிடுவார்கள்.

பேரன் சொந்தமாகச் சம்பாதித்தது ஒரு பழைய பேப்பர் கட்டுதான். மூடிப்போன வாசகசாலையின் பேப்பர்களை எடைக்கு வாங்கி வந்திருந்தார். எல்லாம் யுத்தம் முடிந்த கையோடு வந்தவை. அதிலுள்ள தலைப்புகளை ராகம் போட்டுப் படித்துச் சிரிக்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கீழே இருக்கும் செய்தியை மட்டும் தொடமாட்டார். பொடி எழுத்து, கண்ணைக் குத்தும். கேட்டால், செய்தி படிக்கிறவன் குமாஸ்தா, தலைப்பு படிக்கிறவன்தான் ரசிகன் என்பார்.

வந்தவர்களில் காயாரோகணம் முதல் வேலையாகத் தாத்தா படத்தின் முன்னால் நின்று கும்பிட்டார். அவருக்குப் பத்திரம் எழுதும் தொழில். ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவர். பேச்சு மட்டும் சிக்கனம். மேட்டூர் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை, நாற்றங்காலைப் பற்றி இரண்டு வார்த்தை. அதோடு கூடம் அடங்கிவிட்டது. எல்லோரும் பஜ்ஜி மெல்லும் சத்தம்தான் கேட்டது.

துரைராசுவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

‘இனி உலகில் யுத்தமே கிடையாது: நிபுணர் திட்டவட்டம்’ என்றார். லேசாகச் சிரித்தார்கள். ‘கல்யாண வீட்டில் இலை எண்ண அதிகாரி வருகை’ என்றார். அரிசிப் பஞ்ச காலம், விருந்துக்கும் கட்டுப்பாடு என்று விளக்கமும் சொன்னார். ‘சோற்றுக்குப் பதில் கிழங்கு: தஞ்சை ஜில்லாவுக்கு யோசனை’ என்றதும் பையனின் அம்மா சுந்தரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதற்குமேல் துரைராசுவைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? சமையலறை வாசலில் நின்று ஞானாம்பாள் வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தாள். பார்த்தார். பார்த்தும் எடுத்தார்.

‘தலையணைக்குள் அரிசி: நீதிபதி வியப்பு!’

அந்தக் காலத்தில் ஜில்லாவை விட்டு அரிசியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டு, சோபாவிலிருந்த திண்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பாரம் தாங்காமல் தள்ளாடி நடந்தும் காட்டினார்.

“ஒரு பக்கம் எங்க தாத்தா நாட்டுக்காக ஜெயிலுக்குப் போறாரு. இன்னொரு பக்கம் ஒரு திருட்டுப்பய தலையணையில அரிசியைத் திணிச்சிக்கிட்டு ரயிலேறுறான் பாருங்க.”

காயாரோகணம் கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை படித்துவிட்டுப் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

துரைராசு திண்டைத் தலையிலிருந்து இறக்கினார். பிடிபட்டவன் இந்த மனுஷனுக்கு என்ன உறவோ. அப்பாவாகவே இருந்து தொலைத்தால்? பாழாய்ப்போன வாயால் பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. கதவோரம் நின்ற குந்தவையின் பக்கம் திரும்பக்கூடத் தெம்பில்லை.

“நான் ஏதும் தப்பா பேசிட்டேங்களா?” என்றார்.

காயாரோகணம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொண்ணைப் புடிச்சிருக்கு, ஆவணியிலேயே முடிச்சிடுவோம். சீர்னு நாங்க எதுவும் கேக்கல. கட்டில், மெத்தைன்னு நீங்களா ஆசைப்பட்டுச் செஞ்சா செய்யுங்க. தலையணை மட்டும் வேணாம், அதை நாங்களே வாங்கிக்கிறோம்.”

கார் தெருமுனை திரும்பியதும் துரைராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

“பாத்தியா ஞானம், தலையணை வேணாமாம். பிடிபட்டவன் அவங்க வீட்டு ஆளுதான், சந்தேகமே இல்ல. பாவம், நாம கண்டுக்கவே கூடாது.”

ஞானாம்பாள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து, காயாரோகணம் மடித்து வைத்துவிட்டுப் போன பேப்பரோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க வாங்கிட்டு வந்த அன்னைக்கே நான் படிச்சிட்டேன். சம்பந்தியும் படிச்சிட்டாரு. இனிமே நீங்களும் படிச்சிருங்க.”

துரைராசு பேப்பரைப் பிரித்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைப்புக்குக் கீழே போனார்: ‘தூக்கம் வராத வியாதிக்காகத் தலையணை வைத்திருந்ததாக வாதாடிய திருப்பனந்தாள் துரைராசு என்பவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது.’