மண்கல் சுவரோரம் ஒரு பகல் தூக்கம்

சித்திரை வெயில். பாகூரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. புருஷனைச் சாப்பிடக் கூப்பிட வந்த செலினா, கொழுந்தன் கட்டியிருக்கும் புது வீட்டின் வாசலிலேயே நிற்கிறாள். சூளையில் சுடாமல் அழுத்திச் செய்த மண்கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர். மேலே, யாரோ பிரித்த பழைய வீட்டிலிருந்து வாங்கி வந்த ஓடு. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெளிச்சம் சிவப்புத் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் அவள் புருஷன் சூசை வாயைத் திறந்தபடி தூங்குகிறார். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவள் அடம்பிடித்துக் கட்டிய மாடிவீட்டில், பளபளக்கும் டைல்ஸ் மேல், அவர் இப்படித் தூங்கி அவள் பார்த்ததேயில்லை. "மழ வந்தா இந்தச் செவுரு கரைஞ்சிதான் போவப் போவுது," என்கிறாள் உரக்க. "போன ஐப்பசி மழையவே பாத்துடுச்சிக்கா. மெதுவா பேசு, மாமா தூங்குறாரு," என்று ஓரகத்தி ஸ்டெல்லா சிரிக்கிறாள். செலினா கையிலிருக்கும் சாவிக்கொத்தை வேண்டுமென்றே தரையில் போடுகிறாள். சூசை கண் திறக்காமல் புரண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். "ஃபேன கொஞ்சம் கொறடி, குளுருது," என்று முனகுகிறார். ஸ்டெல்லா உள்ளே போய்ப் போர்வை எடுத்து வருகிறாள். செலினா அதை வெடுக்கென்று பிடுங்கித் தானே அவருக்குப் போர்த்துகிறாள்.