ஒரே மீட்டர் குடும்பம்

மனுக் கொடுத்து அரசாங்கத்தை அசைத்தவன் உலக வரலாற்றிலேயே கிடையாது. சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தத் தெரிந்தவனே நாட்டை ஆள்கிறான். கம்பெனிகளுக்காக அமைச்சகங்களில் பேசிக் காரியம் முடித்துக் கொடுக்கும் கொள்கை ஆலோசகர் இளவழுதியின் சித்தாந்தம் இது. திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பவர்களைக் காரிலிருந்து பார்த்து, "பாவம், பேப்பர் வேஸ்ட்" என்பார்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செலவைக் குறைக்க, அவர் மூன்றே மாதத்தில் சட்டத்தில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குப் புது விளக்கம் வாங்கிக் கொடுத்தார். ஒரே மின் மீட்டரில் வசிப்பவர்களே குடும்பம். அதற்கு விருதும் வாங்கினார்.

ஆடி மாதம், தேனியில் தனியாக இருந்த அவருடைய அப்பாவை ஐசியூவில் சேர்த்தார்கள்.

"குடும்பத்தார் மட்டுந்தான் உள்ள போலாம் சார். உங்க மீட்டர் நம்பர் வேற" என்றாள் நர்ஸ்.

"நான் அவரோட மகன்மா."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கதவுல இருக்கற மெஷின் ஒத்துக்கணுமே."

தன் ஆபீசுக்கே போன் போட்டார். "காப்பீட்டுக்காரங்க நம்ம கிளையன்ட் சார், எதிரா பேச முடியாது" என்றார்கள்.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் தெய்வானையம்மாள் பேனாவை நிறுத்திக் கேட்டாள்: "மகன்னு போட்டா சட்டப்படி பொய்யாயிரும் தம்பி. தெரிஞ்சவர்னு போட்டுக்கலாமா?"

"போடுங்க" என்றார் இளவழுதி. "கொஞ்சம் பணிவா எழுதுங்கம்மா."

பிறகு மனுவை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.