சாப்பிட்ட பிறகு

வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிட வைத்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பாள் செண்பகவல்லி. கணவன் வேறொருத்தியோடு போன பிறகும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. “எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்” என்பாள். கேட்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள். ஒரு மத்தியானம் அவனோடு போனவள் வெறும் நெற்றியோடு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, அவரு…”

“கையக் கழுவிட்டு வாம்மா. மொதல்ல சாப்பிடு.”

வந்தவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். செண்பகவல்லி குழம்பையும் ரசத்தையும் நிதானமாகப் பரிமாறினாள். வந்தவள் சாப்பிட்டு முடித்து வாய் திறக்கும்வரை அவன் அந்த வீட்டில் உயிரோடு இருப்பான். இப்படியொரு வழக்கம் தனக்கு வாய்த்ததற்காக மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

“போதும்க்கா” என்று வந்தவள் இலையை மூடப் போனாள்.

“இரு, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துறேன்” என்றாள் செண்பகவல்லி.