ஒன்றும் இரண்டும்

மூன்றாவது தடவை எண்ணியும் மலாக்கிக்கு ஒரே ஒரு ஓட்டுதான் குறைந்தது.

ஓட்டு எண்ணும் அரங்கத்தின் தடுப்புக் கம்பியைப் பிடித்தார், விட்டார், நாலடி நடந்தார், திரும்பி வந்து மறுபடியும் பிடித்தார். மதியத்திலிருந்து இதே நடைதான். மனைவி ப்ரோனா கொடுத்த சாண்ட்விச் கோட்டுப் பையில் நசுங்கிக் கிடந்தது.

ஸ்டோர்மாண்ட் சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதியிலிருந்து ஐந்து பேர் போகலாம். நான்கு இடங்கள் யாருக்கு என்று ஊருக்கே தெரியும். ஐந்தாவதுக்குத்தான் இழுபறி: மலாக்கியும், அவருடைய கட்சியிலேயே நின்ற டெர்வ்லாவும். இந்தச் சுற்றில் குறைந்தவர் வெளியே. அவருடைய ஓட்டெல்லாம் மற்றவருக்குப் போய் அவரைக் கரையேற்றிவிடும்.

ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவர் மலாக்கி. இதிலும் போனால் இனி சீட்டு கிடையாது என்று கட்சியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"யாரோ நம்ம ஆளுதான். தெக்குப் பக்கத்துல எவனோ ஒரு மடையன், சொன்னதை அப்படியே கேட்டுத் தொலைச்சிருக்கான்!" என்று பொருமினார் மலாக்கி.

ஊருக்கெல்லாம் அப்படிப் போடச் சொன்னவரும் அவர்தான். இங்கே பென்சிலால் பெயருக்கு நேரே விருப்ப வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத வேண்டும்; முதலில் ஒன்றுகளைத்தான் எண்ணுவார்கள். கட்சியின் எல்லா ஒன்றும் ஒருவருக்கே குவிந்தால், மற்ற வேட்பாளர் ஆரம்பத்திலேயே காலி. அதனால் ஆற்றுக்கு வடக்கே மலாக்கிக்கு ஒன்று, டெர்வ்லாவுக்கு இரண்டு, தெற்கே மாற்றி. வரைபடத்தில் கோடு போட்டது மலாக்கி. மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாக நோட்டீஸ் போட்டதும் மலாக்கி.

தெற்கே இருக்கும் தன் வீட்டிலும் ஒரு நோட்டீஸ் போட்டிருந்தார்.

மச்சான் ஹ்யூவாக இருக்குமோ? அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதியே இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர்? அவர் கேட்பார். தபால்காரி? அவளும் கேட்பாள். கேட்கிறவர்கள் ஒவ்வொருவரையும் மனசுக்குள் திட்டினார். ஒரே ஒருவர் மாற்றி எழுதியிருந்தால் போதும், டெர்வ்லாவுக்கு ஒன்று குறைந்து இவருக்கு ஒன்று ஏறியிருக்கும்.

சட்டென்று, கூடவே நின்ற ப்ரோனா பக்கம் திரும்பினார்.

"நீ யாருக்குடி ஒண்ணு போட்டே?"

"உனக்குத்தான். பின்னே? நோட்டீஸ்ல போட்டிருக்குன்னு கட்டின புருஷனுக்கு ரெண்டு போட நான் என்ன லூசா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மலாக்கிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

தேர்தல் அதிகாரி தாளோடு மேடை ஏறினார். அரங்கம் அடங்கியது.

ப்ரோனா கணவனின் முகத்தையே பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"அட பாவி மனுஷா," என்றாள் கிசுகிசுப்பாக. "உன் பேருக்கு நேரா நீயே ரெண்டு போட்டியா?"

"தெக்குப் பக்கம்தானே நம்ம வீடு," என்றார் மலாக்கி.